அவள் ஏன் கதவைத் திறக்கிறாள்?

அன்றைக்கு நாற்பத்தோராவது அழைப்பும் பல்லைப் பற்றித்தான்.

"ரத்தக்காட்டேரின்னு சொல்லிப்போட்டு எலிப்பல்லாட்டம் ரெண்டு ஒட்டி உட்டிருக்கறீங்க. பாத்தா பயமா வருது? சிரிப்புத்தானுங்க வருது," என்றார் ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஐயாசாமி.

நந்திதா 'பிடிக்கவில்லை' என்ற கட்டத்தில் குறி வைத்தாள். ஐயாசாமி நன்றி சொல்லி, சாப்பிட்டீங்களா என்றும் விசாரித்துவிட்டு வைத்தார்.

சாயிபாபா காலனியில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. புதிதாகத் தொடங்கியிருக்கும் காட்டேரித் தொடரைப் பற்றி நேயர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்ய ஆறு பெண்கள். ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம். மீறினால் மேற்பார்வையாளர் சசிதர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் காட்டேரிக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். திருநீறு பூசிய காட்டேரியை எங்கே கண்டீர்கள் என்றார்கள். வீட்டில் உள்ளவர்கள் அழைத்தால்தான் அவன் உள்ளே வர முடியும் என்று கதையில் ஒரு விதி. வாசலில் நிற்பவரை வாங்க என்று சொல்லாத வீடு கோயமுத்தூரில் உண்டா என்று உக்கடத்திலிருந்து ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் நந்திதா ஒரே பதிலைத்தான் சொன்னாள். "கண்டிப்பா டைரக்டர்கிட்ட சொல்றங்க."

யாரிடம் சொல்லியும் பயனில்லை. நூறு பகுதிகளையும் எடுத்து முடித்து மாதம் இரண்டாகிறது. அதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நாளெல்லாம் பாழுங்கிணற்றுக்குள் கல்லைப் போடுவதுபோல் இருந்தது அவளுக்கு.

ஒரு காட்சி மட்டும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. காட்டேரி வாசலில் நின்று, நான் திருந்திவிட்டேன் என்று அழுவான். கழுத்துக் காயத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நாயகி கதவைத் திறப்பாள். வாரத்தில் மூன்று நாள் இதே கதைதான். பாவமா இருக்குதுங்க என்று அழைத்தவர்களும் அழுதார்கள்.

ஐந்து மணி நாற்பதுக்கு நாற்பத்திரண்டாவது அழைப்பு. எண்ணைப் பார்த்ததுமே நந்திதா பெருமூச்சு விட்டாள். தொடர்ந்து நான்காவது நாள்.

மேட்டுப்பாளையம். பெயர் கேட்டபோது முதல் நாள், "நாச்சியம்மாள்னு போட்டுக்கங்க," என்றிருந்தாள். வயது சொல்லவில்லை. பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று பேசுகிற மாதிரி அவ்வளவு சன்னமான குரல்.

"நேத்தும் தொறந்துபோட்டா பாத்தீங்களா?"

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

"இதுக்கு மேல சத்தம் வராதுங்க. அவ ஏன் தொறக்கறா? அவந்தான் ரத்தத்தைக் குடிக்கறான்னு தெரியுதில்ல? ஒரு நா, ஒரே ஒரு நா தொறக்காம உக்காந்துக்கிட்டா என்ன கொறஞ்சு போகுது?"

"டைரக்டர்கிட்ட..."

"அதையேதான் மூணு நாளாச் சொல்றீங்க."

நந்திதாவுக்குச் சுருக்கென்றது. கோபமாகவும் வந்தது. கையிலிருந்த கதைச்சுருக்கத்தின்படி, வெள்ளிக்கிழமைப் பகுதியில் நாயகி மறுபடி கதவைத் திறக்கிறாள். அடுத்த வாரம் அவனுக்குச் சமைத்தும் போடுகிறாள். இதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"கதைதானுங்க. ஏன் இவ்ளோ மனசுல போட்டுக்கறீங்க?"

நாச்சியம்மாள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"எங்க பக்கத்து ஊட்டுல ஒரு புள்ளை இருக்குதுங்க. கட்டுனவன் கைநீட்டறவன். ரெண்டு தரம் அம்மா ஊட்டுக்கு ஓடிப்போச்சு. ரெண்டு தரமும் அவன் போயி வாசப்படியில உக்காந்து அழுதான். அதுவும் தொறந்து உட்டுருச்சு. இப்ப இந்த சீரியலைப் பாக்குது. அவன் அழுகறப்பெல்லாம் இதும் கண்ணைத் தொடச்சுக்குது. அந்த நாயகி தொறக்காம இருந்தான்னா, இதுக்கும் ஒரு தெம்பு வருமேன்னுதான்..."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சசிதரின் தலை தெரிந்தது. ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது.

அழைப்பை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் நந்திதா அதைச் சொன்னாள். "பெண்களுக்கு உதவி பண்ற நம்பர் ஒண்ணு இருக்குங்க. அந்தப் பொண்ணோட செல் நம்பர் தெரிஞ்சாக் குடுங்க, அனுப்பி வெக்கறேன்."

மறுமுனையில் எங்கோ ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"இந்த நம்பருக்கே அனுப்புங்க கண்ணு. ஆறு மணிக்குள்ள அனுப்பிப்போடுங்க. அதுக்கு மேல எங்க ஊட்டுக்காரரு வந்தா, போனை வாங்கி ஒவ்வொண்ணாப் பாப்பாரு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

நந்திதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதைதானுங்க என்று தான் சொன்னது காதில் கேட்டது. ஐந்து நாற்பத்தொன்பது.

அழைத்த எல்லோருக்கும் நிறுவனத்தின் பெயரில் ஒரு நன்றிச் செய்தி போகும். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இங்கே யாருக்கும் அனுமதி இல்லை. சசிதர் தன் இருக்கையை விட்டு எழுந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

நந்திதா அந்தச் செய்தியைத் திறந்து இரண்டாவது வரியை அழித்தாள். அந்தக் கணவன் படித்தாலும் அவனுக்குப் புரியாதபடி இருக்க வேண்டும். நாச்சியம்மாளுக்கு மட்டும் புரிய வேண்டும். இரண்டு முறை எழுதி அழித்து, மூன்றாவது முறை எழுதியதை அனுப்பினாள்.

"தொடர் குறித்த தங்கள் கருத்துக்கு நன்றி. கதையின் போக்கை மாற்ற விரும்பும் நேயர்கள் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்: 181."