பட்டன் அம்மா

“வந்துட்டாங்க பாருங்க, உங்க பட்டன் அம்மா” என்று மனைவி கிசுகிசுத்தாள்.

தையல்காரர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினார். அதே அம்மாள்தான். கையில் ஒரே ஒரு சட்டை. அதில் ஒரே ஒரு பட்டன் இல்லை.

“இதை மட்டும் தச்சுக் குடுங்க தம்பி. அவசரமே இல்ல.”

சொல்லிவிட்டு நேராகப் பைகள் தொங்கும் கொக்கிக்குப் போனார். ஒவ்வொரு பையாக எடுத்து, உள்ளே கையை விட்டுப் புரட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

“ஆறு வாரமா இதே கதை. ஆறு பட்டன், ஆறு பை” என்றாள் மனைவி. “இந்தச் சட்டையைப் பாருங்க. நூல் தானா அறுந்தா பிசிறு இருக்கும். இது கத்திரியால வெட்டினது. பைக்காகவே பட்டனை வெட்டிக்கிட்டு வர்றாங்க!”

தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துணிப்பை இலவசம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

பெரிய தெருவில் இருபத்தெட்டு வருஷம் இருந்த கடை இது. கட்டடத்தை இடித்துவிட்டதால் இந்தச் சந்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். பழைய ஆட்கள் இடித்த இடத்தைப் பார்த்துவிட்டு, கடையையே மூடியாச்சு என்று திரும்பிப் போனார்கள். இப்படியே போனால் மெஷினை விற்றுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

முதலில் ஆயிரம் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போட்டார். மறுநாள் பெய்த மழையில் பாதிக்கு மேல் சாக்கடையில் போய் அடைத்துக்கொண்டது. தெருவைக் கூட்டுகிறவர் ஈரக் காகிதத்தைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து, “இதுல இருக்கிறது உங்க பேருதானே அண்ணே?” என்று கேட்டபோது, தையல்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மனைவிதான் யோசனை சொன்னாள்.

“காகிதம் ஒரு நாள்ல குப்பை. பரண் மேல வெட்டுத்துணி மூட்டை மூட்டையா கிடக்குதே, பை தச்சு வர்றவங்களுக்குச் சும்மா குடுப்போம். தூக்கிக்கிட்டுப் போறவங்கதான் நமக்கு போர்டு.”

வெளிப்பக்கம் நல்ல துணி. அதில் சிவப்பு நூலில் கடைப் பெயர், கீழே சந்துக்கு வரும் வழி. உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று, லைனிங்குக்கு மட்டும் அடிமூட்டையில் கிடந்த பழைய துண்டுகள்.

பலன் இல்லாமல் இல்லை. புதுமுகங்கள் வர ஆரம்பித்தன. “எல்லாம் பேரு பண்ற வேலை” என்று தையல்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் சந்தையில் பட்டன் அம்மாவைப் பார்த்தார். கையில் இவர் தைத்த பை. ஆனால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தது. பெயர் உள்ளே காய்களுக்கு நடுவில் கிடந்தது.

வயிறு எரிந்தது. சந்துக் கடைப் பேரைத் தூக்கிக்கொண்டு நடக்க அவ்வளவு கேவலமா? ஓசியில் வாங்கும்போது மட்டும் இனிக்கிறதா?

அடுத்த வாரம் அந்த அம்மாள் படியேறியதும் கேட்டே விட்டார்.

“பை சும்மாதான் குடுக்கறேம்மா. அதுக்காக என் பேரை உள்ள போட்டு மறைக்கணுமா?”

அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. கையிலிருந்த பையைப் பார்த்தார்.

“பேரை மறைக்கல தம்பி. இந்தத் துணி தெரியணும்னுதான்...”

லைனிங்கை மெல்லத் தடவினார். வெள்ளைத் துணியில் குட்டிக் குட்டி நீலக் குடைகள்.

“என் சின்னவளுக்கு நாலு வயசுல நீங்க தச்ச கவுன். அளவெடுக்க விடாம மேஜைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டா. நீங்களும் டேப்போட உள்ள தவழ்ந்து போனீங்க.”

தையல்காரருக்கு அந்த அம்மாளின் முகம் மறந்திருந்தது. குடைத் துணி மறக்கவில்லை. மேஜைக்கடியில் கேட்ட அந்தச் சிரிப்பும் மறக்கவில்லை. அன்றைக்குக் கடை முழுக்க வெயில். தனக்குத் தலை முழுக்கக் கறுத்த முடி.

“மூணு பிள்ளைங்களும் இப்ப வெளிநாட்டுல. வீடு மாத்தும்போது அவங்க சின்ன வயசுத் துணிப்பெட்டி தொலைஞ்சு போச்சு. ஒரு துண்டுகூட மிஞ்சலைன்னு இருந்தேன். பாத்தா, எல்லாம் உங்க பைக்குள்ள இருக்கு. பெரியவனோட கட்டம் போட்ட சட்டைகூட. சும்மா கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் பட்டனை...”

மனைவி கத்திரியைக் கீழே வைத்தாள்.

“உங்க பொழப்பு அந்தப் பேருல இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க தம்பி.”

அங்கேயே நின்று பையைத் திருப்பினார். குடைகள் உள்ளே போயின, பெயர் வெளியே வந்தது. கொக்கிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

அவர் போன கையோடு, ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த டீச்சர் உள்ளே வந்தார். போன மாதம்தான் முதல்முதலாக வந்தவர்.

“அந்த அம்மா ஏன் கண்ணைத் துடைச்சுக்கிட்டே போறாங்க?”

“அவங்களைத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாமலா? சந்தையில, ‘குடை போட்ட துணி அழகா இருக்கே’ன்னு ஒரு வார்த்தை கேட்டேன். ‘என் பிள்ளைங்க மூணு பேருக்கும் தச்ச கை’ன்னு சொல்லி, காய் வாங்கறதைப் பாதியில விட்டுட்டு, சந்து முனை வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்து விட்டாங்க.”

“அப்ப நீங்க பையில இருந்த பேரைப் பாத்து வரலையா?”

“பேரா? எந்தப் பேரு?” என்றார் டீச்சர். “எங்க தெருவுல உங்ககிட்ட தைக்கிற அஞ்சு பேருமே அந்த அம்மா கூட்டிக்கிட்டு வந்தவங்கதான்.”

கழுத்தில் தொங்கிய டேப்போடு தையல்காரர் சந்து முனைக்கு ஓடினார்.

“அம்மா! பையைத் திருப்பிப் போட்டுக்குங்கம்மா! பேரு உள்ளேயே இருக்கட்டும்!”