பியானோ வண்டி

ராம்பார்ட் தெரு முனையில் ஒனரேயின் வண்டி ஆல்சிட் குழுவின் வண்டியை உரசிக்கொண்டு வந்து நின்றபோது, யூலாலி கீழே விழுந்த தன் தொப்பியை எடுக்கத் தெருவில் குனிந்திருந்தாள்.

வண்டி மேலே ஆல்சிட் தன் ஊதுகுழலை, கார்னெட்டை, வாயிலிருந்து எடுத்தார். முகம் செத்துப்போயிருந்தது.

ராத்திரி நடனத்துக்கு ஆள் சேர்க்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசித்தபடி தெருத்தெருவாகப் போகும் இரண்டு இசைக்குழுக்கள் சந்தித்துவிட்டால் நியூ ஆர்லியன்ஸில் போட்டிதான். ஒனரேயிடம் மூன்று முறை மண்ணைக் கவ்வியவர் ஆல்சிட். இப்போதெல்லாம் அந்த வண்டியின் நிழல் தெரிந்தாலே அடுத்த சந்தில் நுழைந்துவிடுவார்.

யூலாலி தொப்பியோடு ஏறி, வண்டியின் கடைசியில் இருந்த பியானோ முன்னால் உட்கார்ந்தாள்.

வண்டியை எடுக்கச் சொன்னார் ஆல்சிட். கோவேறு கழுதைகள் இழுத்தன. வண்டி அசையவில்லை.

இரண்டு வண்டிகளின் சக்கரங்களையும் யாரோ கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தோற்கிறவன் நழுவக்கூடாதென்று கூட்டம் வழக்கமாகச் செய்கிற வேலை அது.

"கட்டுனவன் கை விளங்காமப் போக," என்றார் ஆல்சிட்.

யூலாலி பியானோ கட்டைகள்மேல் விரல்களை வைத்தாள். அவள் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம். இதுவரை ஒரு போட்டிகூட இல்லை. பியானோ கனம், அடுத்த வாரத்திலிருந்து பாஞ்சோ தந்திவாத்தியம் போதும் என்று காலையில்தான் ஆல்சிட் சொல்லியிருந்தார். அப்புறம் அவளுக்குப் பழையபடி சலவைக்கடையில் இஸ்திரிதான்.

ஒனரே ஊதினார். ஜன்னல்கள் அதிர்ந்தன. ஆல்சிட் பதிலுக்கு ஊதினார். பாதியில் மூச்சு முட்டியது. கூட்டம் சிரித்தது.

அந்த இடைவெளியில் புகுந்தாள் யூலாலி.

இடது கை கீழ்க்கட்டைக்கும் நடுக்கட்டைக்கும் தாவித் தாவிக் குதித்தது. வலது கை அதற்குப் பிடிகொடுக்காமல் ஓடியது. இறால் விற்கிறவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆடத் தொடங்கினாள். அடித்த அடியில் பியானோ தன் சின்னச் சக்கரங்களில் நகர்ந்து நகர்ந்து போனது. இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் துரத்தித் துரத்தி வாசித்தாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

ஒனரே இரண்டு முறை பதில் சொன்னார். மூன்றாவது முறை கார்னெட்டை மடியில் வைத்துவிட்டார்.

தெரு முழுக்க இவர்கள் வண்டிப் பக்கம் சாய்ந்தது. ஒனரேயின் ஆள் இறங்கி முடிச்சை அவிழ்த்தான்.

ஆல்சிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "கட்டுனவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்," என்றார்.

வண்டி கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் பியானோ கடகடவென்று பின்னால் உருண்டது. ஆல்சிட் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தார். காலையில் தன் கையாலேயே அதை வண்டியோடு இறுக்கிக் கட்டிய பச்சைக் கயிற்றைத் தேடினார்.

காணோம்.

கீழே, ஒனரேயின் ஆள் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

ஆல்சிட் கயிற்றைப் பார்த்தார். யூலாலியைப் பார்த்தார்.

அவள் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள்.