நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

உட்காரச் சொன்னதும் அவள் முதலில் செய்த காரியம், மேசைக்கு அடியில் குதிகாலைச் செருப்பிலிருந்து மெல்ல வெளியே எடுத்ததுதான்.

காலை ஆறு மணி ஷிப்ட். இரண்டு மணி வரை நின்றபடியே வேலை. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாற்காலி என்ற பேச்சே கிடையாது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, லிப்ட் ஓடாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள்.

மானுடவியல் எம்.ஏ.வுக்கு அவள் விண்ணப்பிப்பது இது மூன்றாவது முறை. முதல் வருடம் பரிந்துரைக் கடிதம் ஒன்று குறைந்தது. தபால் வழியில் பி.ஏ. முடித்தவளுக்கு எந்தப் பேராசிரியரைத் தெரியும்? இரண்டாம் வருடம் நேர்காணலுக்கே கூப்பிடவில்லை.

இந்த வருடம் கூப்பிட்டுவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்கும் தெரிகிறது. அதற்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே.

சலவைப் பிரிவில் அவளுக்குப் பட்டப்பெயரே 'புரொபசர்'. கூட வேலை பார்ப்பவர்கள் வாயெல்லாம் பல்லாக வழியனுப்பினார்கள். வீட்டுக்காரர் மட்டும், "நாப்பத்திமூணு வயசுல யாருக்கு நிரூபிக்கப் போற?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவள் புடவையை அவரே இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் ஆசையாக விசாரித்தாள். "உங்க பொண்ணு உள்ள போயிருக்காங்களா ஆன்ட்டி?"

இல்லை என்று மட்டும் சொன்னாள்.

எதிரே மூன்று பேர். ஒருவர் செல்போனிலிருந்து தலையே நிமிரவில்லை. ஓரத்தில் ஓர் இளம் பெண் விரிவுரையாளர். நடுவில் துறைத் தலைவர். விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. முகம் மலர்ந்தது.

"ஆஸ்பத்திரி சலவைப் பிரிவா! அப்ப அந்தப் புத்தகத்தைப் படிச்சிருப்பீங்களே?"

எந்தப் புத்தகம் என்று அவள் கேட்கவில்லை. ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில், ஓர் ஆய்வு மாணவி ஒரு வருடம் கூடவே இருந்து, பேர் ஊர் எல்லாம் மாற்றி எழுதியது. பரிசு வாங்கியது. இந்தத் துறையில் பத்து வருடமாகப் பாடம்.

"படிச்சிருக்கேன் சார்."

"அதுல உங்களுக்கு ஒத்துக்க முடியாத இடம் ஏதாவது உண்டா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நன்றாக இருக்கிறது என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். பூசி மெழுகவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

"நூத்தி நாப்பத்திரண்டாம் பக்கம் சார்."

விரிவுரையாளர் எழுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். உரக்க வாசித்தார்.

ஏழு வயது மகளைப் பறிகொடுத்த ஒரு தொழிலாளி. ஒன்பது நாள் கழித்து வேலைக்குத் திரும்புகிறாள். அன்றைக்கே, படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போது வாய்விட்டுச் சிரிக்கிறாள். இறந்தவர்களின் விரிப்புகளைத் தினமும் துவைப்பவர்களுக்கு மரணம் பழகிவிடுகிறது என்று அந்தப் பத்தி முடிகிறது.

"அருமையான இடமாச்சே," என்றார் துறைத் தலைவர். "வருஷா வருஷம் பரீட்சைல கேக்கறோம்."

"பழகலை சார்."

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"துணி மடிக்கிற மேசைக்கு அந்தப் பக்கம் வயசான அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. என்ன ஆறுதல் சொல்றதுன்னு அவங்களுக்குத் தெரியல. காலைலேர்ந்து தவிச்சுட்டு, கடைசியில எதையோ கேலியா சொன்னாங்க. பெட்ஷீட்டோட ஒரு முனை அவங்க கையில. அது கிடுகிடுன்னு நடுங்குது. இந்தப் பொண்ணு சிரிக்கலேன்னா அந்த அம்மா அங்கயே உடைஞ்சு போயிருப்பாங்க. அதுக்குத்தான் சிரிச்சது."

செல்போன்காரர் தலை நிமிர்ந்தார்.

விரிவுரையாளர் அந்தப் பக்கத்தை மறுபடியும் மேலிருந்து கீழாகப் படித்தார். அடுத்த பக்கத்தையும் பார்த்தார்.

"கை நடுங்கினது இதுல எங்கயும் இல்லையே?"

"புத்தகம் எழுதினவங்க கதவுகிட்ட நின்னு குறிப்பு எழுதிக்கிட்டிருந்தாங்க மேடம். அங்கேர்ந்து பாத்தா அந்த அம்மாவோட முதுகுதான் தெரியும்."

துறைத் தலைவர் பேனாவைத் திறந்தார், மூடினார், எதையும் எழுதவில்லை. விரிவுரையாளர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். குரல் தானாகத் தணிந்திருந்தது.

"சிரிச்ச அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

யாராவது கேட்பார்கள் என்று பதினான்கு வருடமாகக் காத்திருந்த கேள்வி. கேட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கண்ணைச் செருகிக்கொண்டு தூக்கம்தான் வந்தது.

"அவங்களுக்கு நாளைக்கும் காலைல ஷிப்ட் இருக்கு மேடம்," என்றாள். "சீக்கிரம் அனுப்பிட்டீங்கன்னா கொஞ்சம் தூங்குவாங்க."