முனை இல்லாத கோணம்

ஜாமெட்ரி பாக்ஸுக்குள் கவராயமும் கோணமானியும் கூட்டாளிகள். ஒரு கோணத்தைச் சரிபாதியாக வெட்டச் சொன்னால், கோணமானி முதலில் அளந்து கமுக்கமாக ஒரு புள்ளி வைத்துவிடும். பிறகு கவராயம் அந்தப் புள்ளியில் வெட்டிக்கொள்ளும்படி இரண்டு வில் போட்டுவிட்டு, எல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல் நிமிர்ந்து நிற்கும். எப்போதும் முழு மார்க்.

ஒருநாள் மேசைக்கு நூறு வருஷப் பழைய பரீட்சைத் தாள் ஒன்று வந்தது. அதில் இரண்டே கோடுகள். "இவை தாளுக்கு வெளியே சந்திக்கின்றன. இடையிலுள்ள கோணத்தை இருசமக் கூறிடுக" என்றிருந்தது.

கவராயம் கோணமானியின் பக்கம் திரும்பியது.

"அண்ணே, சீக்கிரம் புள்ளிய வைங்க."

கோணமானி தாளின்மேல் அங்கும் இங்கும் நகர்ந்து பார்த்தது. "எங்கடா உட்காருவேன்? எனக்குக் கோணத்தோட முனை வேணும். அது தாள்லயே இல்ல."

"அப்ப நான் என்ன பண்றது?"

"வில் போடுறவன் நீதானே. போடு."

"நீங்க வச்ச புள்ளிக்குத்தானேண்ணே இத்தனை நாளும் போட்டேன்!"

"கத்தாதடா, யார் காதுலயாவது விழுந்துடப் போகுது."

கோணமானி நழுவிப்போய்ப் பெட்டிக்குள் அடியில் படுத்துக்கொண்டது. கவராயம் ஊசியை ஊன்றியது, பிடுங்கியது, வேறிடத்தில் ஊன்றியது.

திருத்த வந்த சிவப்புப் பேனா குனிந்து பார்த்தது. தாள் முழுக்க ஊசித் துளைகள். ஒரு வில்கூட இல்லை.

பேனா கோபப்படவில்லை.

"முழு மார்க் வாங்கின உன் பழைய நோட்டையெல்லாம் எடு" என்றது.

பெட்டிக்குள் கோணமானி லொடலொடவென்று நடுங்கும் சத்தம் கேட்டது.