எங்கள் பிரதிநிதி நேரில் வருவார்

“பழைய மெயிலையெல்லாம் அழிக்கப் போனேன் சார், அப்பதான் கண்ணுல பட்டுச்சு. ஆறு புகார். ஆறும் ஒரே இடத்துலேருந்து” என்று மேனேஜர் தாள்களை மேஜைமேல் வைத்தார்.

முதலாளி நிமிரவில்லை. “மெக்கானிக்கை அனுப்புங்க. ஃபில்டரை மாத்திட்டா சரியாயிடும்.”

“மெக்கானிக் போய்ச் சரியாகிற கேஸ் இல்ல சார் இது. அனுப்பினது யாருன்னு பாருங்க.”

பார்த்தார். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் இந்தத் தொழிலை அவர் தொடங்கியபோது, ஊரே யோசித்த நேரத்தில், முதல் இயந்திரத்தைத் தன் சமையலறைச் சுவரில் மாட்டிக்கொண்டவர்.

புதுக் கிளை திறந்த இந்த நாலு மாதமாக முதலாளிக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் கிளையின் மாடி அறையில்தான். தினம் இருநூறு மெயில் வரும். அதனால் ஏ.ஐ.யிடம் பொறுப்பை ஒப்படைத்து ஒரே ஓர் உத்தரவு போட்டிருந்தார்: ஆர்டர் வந்தால் என்னிடம் காட்டு, மற்றதற்கெல்லாம் நீயே பணிவாகப் பதில் எழுதிவிடு.

யார் போன் செய்தாலும், “மெயில் போடுங்க, அஞ்சே நிமிஷத்துல பதில் வரும்” என்று பெருமையாகச் சொல்லி வைத்துவிடுவார்.

பதில் போய்க்கொண்டுதான் இருந்தது.

‘சனிக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்’ என்றது முதல் மெயில். ‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். எங்கள் பிரதிநிதி விரைவில் நேரில் வருவார்’ என்றது ஏ.ஐ.

அடுத்த நாலு மெயிலுக்கும் அதே பிரதிநிதி, அதே விரைவில்.

ஆறாவது நேற்று வந்திருந்தது. ‘பதினோரு வருஷமாக உங்களை நம்பியிருந்தேன். இனி நீங்கள் வர வேண்டாம். எங்கள் வழியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’

அதற்கும் பதில் போயிருந்தது. ‘உங்கள் முடிவை மதிக்கிறோம். எங்களோடு இருந்த பதினோரு ஆண்டுகளுக்கு நன்றி. எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை ஸ்டார் தருவீர்கள்?’

“ஸ்டார் வேற கேட்டிருக்கு சார்” என்றார் மேனேஜர், ஜன்னலைப் பார்த்தபடி.

முதலாளிக்குக் காது மடல் சுட்டது. “ஆபீஸ்ல வேற யாராவது இதைப் படிச்சாங்களா?”

“முதல்ல நீங்க முழுசாப் படிங்க சார்.”

படித்தார். உடனே காரை எடுத்தார்.

இரண்டு மணி நேரப் பயணத்தில் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். வாயைத் திறந்தால், ‘ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்றுதான் வந்தது.

இரண்டாவது மாடி. அழைப்பு மணியை அழுத்திப் பயனில்லை என்று தெரியும், கதவைத் தட்டினார். கையிலிருந்த ஆறு தாள்களும் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

கதவு பாதி திறந்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளை நேராகப் பார்க்க முடியாமல் தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

அவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“அம்மா, பிரதிநிதி வரல. அப்பாதான் வந்திருக்காங்க.”