சுகர் லேண்ட் சம்பந்தம்

மாப்பிள்ளை வீட்டார் சுகர் லேண்டிலிருந்து வருகிறார்கள் என்பது ஈப்போ கார்டன் குடியிருப்பில் தெரியாத வீடு இல்லை. துரைசிங்கம் காலை நடைக்குப் போகிற சாக்கில் வாசல் வாசலாக நின்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவர் மனைவி அம்பிகைக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கேசரிக்குச் சீனி போட்டதை மறந்து மறுபடியும் போட்டார். விரித்த மேசைவிரிப்பை எடுத்து உதறித் திரும்ப விரித்தார். வாசலில் எந்தக் கார் போனாலும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்.

மகன் மதீசன் அமெரிக்காவில் டாலஸ் பக்கம் பிளேனோவில் வீடு வாங்கிப் போனவன், போனவன்தான். பேரன் நடக்கத் தொடங்கியதைக்கூட அம்பிகை கைப்பேசியில்தான் பார்த்தார். இப்போது வீட்டில் மிச்சமிருப்பது மகள் தர்மினி ஒருத்திதான். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் யாருக்குச் சமைப்பது?

துரைசிங்கத்துக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் அமெரிக்க வரைபடத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறார். சிகாகோ என்றால் நேப்பர்வில், டாலஸ் என்றால் பிளேனோ, ஹூஸ்டன் என்றால் சுகர் லேண்ட். எந்தப் பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் நம்மவர்கள் எங்கே வீடு வாங்குகிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

தர்மினி விஷயத்தைச் சொன்ன அன்றும் அப்படித்தான் நடந்தது. பையன் பெயர் தனேஸ்வரன், காம்பார் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவர், ஹூஸ்டன் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை, அப்பா அம்மாவோடு சுகர் லேண்டில் இருக்கிறார் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இவர் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்துவிட்டார்.

"அந்தக் காலத்துல அங்க கரும்பு போட்டாங்களாம். இப்ப எல்லாம் வீடு," என்றார் பெருமையாக.

"ஆமாப்பா, முன்ன கரும்புதான். இப்ப வீடு கட்டிட்டாங்க," என்றாள் தர்மினி. மேலே ஏதோ சொல்ல வந்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பையனுக்கு ராத்திரியில்தான் வேலை என்று அவள் சொன்னது மட்டும் அம்பிகைக்கு உறுத்தியது. பெரிய கம்பெனி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று துரைசிங்கம் வாயை அடைத்துவிட்டார்.

துரைசிங்கத்துக்கு இன்று காலையும் அதே பேச்சுதான். "பிளேனோவில இருந்து கார்ல நாலு மணி நேரம். அண்ணனும் தங்கச்சியும் நினைச்சா பாத்துக்கலாம்."

"நாங்க நினைச்சா?" என்று கேட்டார் அம்பிகை. துரைசிங்கம் காதில் வாங்கவில்லை.

வேண்டாம் என்று சொல்லவும் அம்பிகைக்கு வாய் வரவில்லை. போன வருடம் நல்ல உத்தியோகத்தில் இருந்த ஒரு பையனை, அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டிக் கழித்ததே அம்பிகைதான். அமெரிக்கா தூரம் என்று இதற்கும் ஒரு குறை சொன்னால் மகள் என்ன நினைப்பாள்?

வாசலில் செம்மண் அப்பிய பழைய புரோட்டன் கார் ஒன்று வந்து நின்றது. வாடகைக்கு எடுத்திருப்பார்கள் என்று துரைசிங்கம் மனைவியின் காதில் சொன்னார். தனேஸ்வரனும் அவன் தகப்பனார் அப்பாவுவும் முன்னால் வர, அம்மா ஒரு பை நிறையக் கொய்யாவோடு பின்னால் வந்தார்.

உட்கார்ந்ததும் துரைசிங்கம், பயணக் களைப்பெல்லாம் தீர்ந்ததா என்று விசாரித்தார்.

"என்னா களைப்பு ஐயா? வர்ற வழியில பீடோர்ல கொய்யா வாங்க நின்னோம். இல்லாட்டி அப்பவே வந்திருப்போம்லா," என்றார் அப்பாவு.

துரைசிங்கம் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "நீங்க எங்க இருந்து வாறீங்க?"

"சுகர் லேண்டுலேர்ந்துதான். இந்தா, சுங்காய் பக்கத்துல, கார்ல ஒரு மணி நேரம். ரப்பருக்கு முந்தி கரும்பு போட்ட இடம், பழைய ஆளுங்க சீனித் தோட்டம்னு சொல்வாங்க. நானும் இவளும் அங்கதான் பால்மரம் சீவினோம். ரப்பர வெட்டிட்டு தாமான் குடியிருப்பு கட்டி வீடு விக்கிறப்ப, டெவலப்பர் இங்கிலீஷ்ல பேர மாத்திட்டான்."

தனேஸ்வரன் தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னான். ஹூஸ்டன் கம்பெனி வேலையை அவன் வீட்டிலிருந்தே பார்க்கிறான். அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி.

"சொல்ல வந்தேன்ப்பா," என்றாள் தர்மினி. "நீங்க மேப்ப மூடவே இல்ல."

துரைசிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. தெருவில் இனி எப்படித் தலைகாட்டுவது என்று நினைத்தாரோ என்னவோ, மனைவியைப் பார்த்தார். தோட்டத்துச் சம்பந்தத்தை நோகாமல் தட்டிக் கழிப்பது அம்பிகைக்குத்தான் கைவந்த கலை.

தர்மினியும் அம்மாவைத்தான் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. அப்பாவுவின் மனைவி நிலைமையைப் புரிந்துகொண்டவராய், கொய்யாப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தார்.

அம்பிகை கேசரித் தட்டோடு வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்ததே இப்போதுதான்.

"சம்பந்தியம்மா, மகளப் பாத்துட்டுத் திரும்ப, சுங்காயில இருந்து ஈப்போவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"