உறையைக் கழற்றிய பிறகு

பாலைவனம் தாண்டி வடக்கே எல்லைக்கு அப்பால் வேலை தேடிப் போன அண்ணன் எலாதியோ பத்து நாள் முன்பு அனுப்பிய ஒரே குரல் செய்தியில் இரைச்சல்தான் கேட்டது. தங்கை யரேலியின் போனில் ஸ்பீக்கர் எப்போதோ போயிருந்தது; ஹெட்செட்டில்தான் கேட்க வேண்டும். புவெப்லா நகரில், செல்போன் பழுதுபார்க்கும் மாலை வகுப்பில், யரேலி ஹெட்செட்டின் பின்னைத் துடைத்தாள். போனின் துளையில் அடைந்திருந்த பஞ்சைக் குச்சியால் எடுத்தாள். இரைச்சல் போகவில்லை. தானே எதையோ தவறவிட்டதாகத் தோன்றியது.

"சந்தை ஹெட்செட்டுக்கு இவ்வளவு வைத்தியமாடி?" என்று பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி சாயோ சிரித்தாள்.

யரேலி போனின் தடித்த உறையைக் கழற்றினாள். ஹெட்செட்டின் பின் இப்போது துளைக்குள் முழுதாகப் போனது. அண்ணனின் குரல் தெளிவாக வந்தது.

"உறையைக் கழட்டிட்டியா? சாயோ சிரிச்சா சிரிக்கட்டும். நான் வந்து சேந்துட்டேன், வேலையும் கெடச்சிருச்சு. அம்மாகிட்ட சொல்லு."

யரேலி செய்தியின் தேதியை இரண்டு முறை சரிபார்த்தாள். பத்து நாள் முன்புதான். பிறகு அம்மாவை அழைத்தாள்.